பொட்டு வைத்த டயர்கள்

செப்டம்பர் 18, புதன்

எண்ணெய் ஆலையின் ஆள் இன்றும் கடைக்கு வந்திருந்தார். 'வந்திருந்தார்' என்று மரியாதையாக எழுதுவதற்கே எனக்குப் பொறுமை வேண்டியிருக்கிறது. வண்டியை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு என் தம்பி குணசீலனிடம், "பின்னாடி கெடக்கறத இன்னிக்கே அள்ளீர்றனுங்ணா. உங்களுக்கும் எடம் காலியாகும்" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் பில் எழுதிக்கொண்டே "இல்லைங்க" என்றேன்.

"டீச்சர் வந்ததுல இருந்து இந்தக் கடையில டயரெல்லாம் பள்ளிக்கூடம் போகுதாட்ட இருக்குது."

ஃபிட்டர் மாரப்பன் சிரித்துவிட்டான். நான் பார்த்ததும் ஸ்பானரைத் தேடப் போய்விட்டான்.

ஓய்வு பெற்றபின் காலை நேரங்களில் தம்பியின் டயர் கடையில் உட்காருகிறேன். இது லாரி ஊர். புது டயர் மாட்டிக்கொள்பவர்கள் பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். உடம்பு கெடாத டயர் ரீட்ரெடிங் பட்டறைக்குப் போய், மேலே புதுப் பட்டை ஒட்டிக்கொண்டு மறுபடி ரோட்டுக்கு வரும். வெடித்ததும் கம்பி தெரிவதும் கடைக்குப் பின்னால் முற்றத்தில் விழும். அங்கிருந்து எண்ணெய் ஆலைக்கு. அங்கே உலையில் போட்டு வேகவைத்து எண்ணெய் எடுப்பார்கள். மிச்சமெல்லாம் புகையும் கரியும்.

என் கடைசிப் பள்ளிக்கூடம் அப்படியோர் ஆலைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கரி என்றால் என்ன என்று விளக்க நான் வகுப்புக்கு எந்தப் பொருளும் கொண்டுபோனதில்லை. ஒரு பிள்ளையை மூக்கைச் சிந்தச் சொல்லிக் கைக்குட்டையைக் காட்டினால் போதும். அந்தக் கைக்குட்டையைப் பார்த்தவள், இந்தக் கடையிலிருந்து இனி ஒரு டயர் அங்கே போக விடமாட்டேன்.

டயரைப் பொடியாக அரைத்து, கம்பியைத் தனியாகப் பிரிக்கிற ஆலை ஒன்று வெளி மாவட்டத்தில் இருக்கிறது. முறையான உரிமம் உள்ளது. அந்தப் பொடி தார்ச் சாலைக்கும் ரப்பர் பாய்க்கும் போகிறது. அவர்களுடைய கள அலுவலர் டேவிட் போனில், "லோடு தேறினா வண்டி அனுப்புறேன் மேடம்" என்றிருக்கிறார். அதுவரை முற்றத்தில் சேரட்டும்.

கடைக்குப் பின்சுவரை ஒட்டி நூர்ஜகான் வீடு. இட்லி மாவு அரைத்து விற்கிறாள். சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "டீச்சர், மழைக்கு முந்தி இத எடுத்துருவீங்கல்ல? போன வருசமே கொசு ஆளத் தூக்கிட்டுப் போச்சு" என்றாள்.

"எடுத்துருவோம் நூரு. நான் பொறுப்பு."

செப்டம்பர் 27, வெள்ளி

டேவிட் போனை எடுக்கவில்லை. மத்தியானம் எடுத்தார். லோடு தேறவில்லையாம். ஆயுத பூஜைக்கு முன் பாதி ஊர் டயர் மாற்றும், அப்போது தேறிவிடும் என்றேன். "சூப்பர் மேடம்" என்றார். ஒரு வேலையும் நடக்காதபோதுதான் மனிதர்கள் இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 3, வியாழன்

டயர்கள் சுவர் உயரம் வந்துவிட்டன. டேவிட் எடுக்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

இன்று டேவிட்டிடம் சத்தம் போட்டேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நான் சத்தம் போட்டது குறைவு. ஒரு கணக்கு புரியவில்லை என்றால் பத்து உதாரணம் சொல்வேனே தவிரத் திட்டமாட்டேன். இவருக்கும் ஓர் உதாரணம்தான் சொன்னேன். "தம்பி, ஆஸ்பத்திரி ஒண்ணு கட்டி வெச்சிட்டு, பத்து நோயாளி சேர்ந்தாத்தான் கதவத் திறப்போம்னா என்ன அர்த்தம்? முதல்ல வந்த ஒம்பது பேரு வைத்தியம் தெரியாதவன்கிட்டப் போயிருவான். அப்படித்தான் எங்க டயரெல்லாம் எண்ணெய் ஆலைக்குப் போகுது."

எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இந்த வாரம் ஒரு வண்டி அந்தப் பக்கம் வருது மேடம். திருப்பி விடுறேன்" என்றார்.

எந்த நாள் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

கடை கழுவினோம். ஜாக்கி, கம்ப்ரசர், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. புது டயர்களுக்கு மாரப்பன் வைத்தான். சந்தனம் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. பின்பக்கம் போனேன். இந்த டயர்களும் எத்தனை பாரம் சுமந்து, எத்தனை ஊர் பார்த்து வந்தவை. ஓடுகிறவரைக்கும் பொட்டு, ஓய்ந்தால் கிடையாது என்பது என்ன நியாயம். முன்வரிசை முழுக்க வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாவு கரைத்துக்கொண்டிருந்த நூர்ஜகான், "இப்பத்தான் டீச்சர் பார்க்க லட்சணமா இருக்குது" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பொரி கடலை வாங்க வேண்டும். வாழைக்கன்று இரண்டு.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பூஜை முடிந்து பொரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது லாரி வந்தது. நான் வாரக்கணக்காகக் கெஞ்சிய அதே லாரி. தெலுங்கு பேசுகிற டிரைவர், கூட ஒரு லோடுமேன். டிரைவர் போனில் டேவிட்டின் நம்பரைக் காட்டி, சீக்கிரம் ஏற்றுங்கள் என்று கையால் சொன்னார்.

மாரப்பன் நகரவில்லை.

"என்னப்பா?"

"பொட்டு வெச்சிருக்குதுங்க."

"வெச்சா?"

"மறுபூச போடாம எடுக்கக் கூடாதுங்க டீச்சர். நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டிப்போட்டு எடுத்துக்கலாமுங்க."

"அது பழைய டயர், மாரப்பா."

"பழசோ புதுசோ, பூசைல வெச்சது பூசைல வெச்சதுதானுங்க."

தம்பியைப் பார்த்தேன். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போன வருசம் நம்ம செல்லப்பன் பூசை அன்னைக்கே வண்டிய எடுத்தான். ஓமலூர் தாண்டலக்கா. இடுப்புல இன்னும் கம்பி இருக்குது" என்றான். அந்த செல்லப்பன் குடித்துவிட்டு ஓட்டினான் என்பது ஊருக்கே தெரியும். சொன்னேன். யாரும் அசையவில்லை. பொட்டு இல்லாத பின்வரிசையை எடுக்கலாமே என்றேன். முன்வரிசையை எடுக்காமல் பின்வரிசையை எப்படி எடுப்பது. நானே ஒரு டயரைப் பிடித்து இழுத்தேன். லாரி டயர். அசையக்கூட இல்லை. லோடுமேன் உதவிக்கு வந்தார். குங்குமத்தைப் பார்த்தவர் டிரைவரிடம் என்னவோ சொல்லிவிட்டு, டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்வாங்கினார். அவர் ஊரிலும் இதே பண்டிகை.

டிரைவர் காத்திருந்தார். டீயும் பொரியும் கொடுத்தோம். அப்புறம் போய்விட்டார். நாளைக்கு அவர் வேறு மாவட்டத்தில் இருக்க வேண்டுமாம்.

படிக்காதவர்களைச் சொல்வானேன். கடைக்காரன், பட்டதாரி, என் கூடப் பிறந்தவன், அவனே இப்படி.

அக்டோபர் 12, சனி

காலையில் மறுபூஜை. மாரப்பன் கற்பூரம் காட்டிவிட்டு, "இப்ப எடுக்கலாமுங்க டீச்சர்" என்றான். எதில் ஏற்றுவது என்று கேட்டேன்.

சாயங்காலம் மழை.

அக்டோபர் 15, செவ்வாய்

மூன்று நாளாக விடவில்லை. பொட்டெல்லாம் வழிந்துவிட்டது. நூர்ஜகானின் கணவர் ரசாக் லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவர். பழைய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து மேலே மூடிக் கட்டினார். காசு வாங்கவில்லை. தார்ப்பாய் நடுவில் தொட்டி மாதிரித் தொங்குகிறது. டயருக்குள் ஏற்கனவே புகுந்த தண்ணீர் உள்ளேயே இருக்கிறது.

டேவிட்: "அடுத்த ட்ரிப் நவம்பர்ல பார்க்கலாம் மேடம். வண்டி வந்தும் நீங்க ஏத்தலன்னு டிரைவர் ரிப்போர்ட் குடுத்திருக்காரு."

மாரப்பனிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை. மூட நம்பிக்கை எத்தனை பேரைக் கெடுக்கும் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அக்கா, அந்தக் குப்பைக்குப் பொட்டு வெச்சது யாரு?" என்றான்.

அரிசி ஊறப்போட வேண்டியிருந்ததால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஒரு டயருக்குள் கண்ணாடி டம்ளரை விட்டுத் தண்ணீர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். புழுக்கள். தலைகீழாகத் தொங்கி, வால் பக்கக் குழாயால் மூச்சு வாங்கிக்கொண்டு. எத்தனை வருடம் கரும்பலகையில் இதைப் படமாகப் போட்டிருக்கிறேன். மாரப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, ஆட்டமாடுதுங்க" என்றான். சுத்தமான தண்ணீரில் பிறந்து, பகலில் கடிக்கிற கொசு இது என்று விளக்கினேன். விளக்கி முடித்ததும் டம்ளரை மண்ணில் கவிழ்த்தேன். நல்ல பாடம். முற்றத்தில் அதே தண்ணீர் குடம் குடமாக நின்றுகொண்டிருந்தது.

குளியல் மக்கால் தண்ணீரை மொண்டு பார்த்தோம். வெளிவரிசைதான் எட்டுகிறது. உள்ளே கை போகவில்லை. வேஸ்ட் ஆயிலை மேலே ஊற்றினான் மாரப்பன். அது எந்த டயருக்குள் போனது, எதற்குள் போகவில்லை என்று யாருக்குத் தெரியும்.

அக்டோபர் 28, திங்கள்

சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர். மருந்து தெளித்தார்கள், அபராதம் போட்டார்கள், பலகையில் ஒட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார்கள். எண்ணெய் ஆலைக்கு என்றைக்காவது நோட்டீஸ் கொடுத்ததுண்டா என்று கேட்டேன். "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லைங்க மேடம்" என்றார் மூத்தவர். எரித்தால் ஒருவர் துறை, எரிக்காமல் வைத்திருந்தால் இன்னொருவர் துறை. டயரை எரித்தவன் நிம்மதியாக இருக்கிறான், எரிக்காதவள் அபராதம் கட்டுகிறாள். இதை எந்தப் பிள்ளைக்கு எந்த உதாரணம் சொல்லிப் புரியவைப்பேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

பலகாரம் கொண்டுபோனேன். நூர்ஜகான் வீட்டுக் கிரைண்டர் ஓடவில்லை. பண்டிகை நாளில் மாவு அரைக்காமல் இருப்பாளா என்று எட்டிப் பார்த்தேன். படுத்திருந்தாள். "காய்ச்சல் டீச்சர். கண்ணுக்குப் பின்னால குத்துது" என்றாள்.

சளிக் காய்ச்சலாக இருக்கும். மழைக்காலம் அல்லவா.

நவம்பர் 2, சனி

சளி இல்லை.

நவம்பர் 3, ஞாயிறு

டெங்கு. அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் தட்டணுக்கள் இறங்குகின்றன. காய்ச்சல் விட்டபிறகுதான் ஆபத்து என்று டாக்டர் சொன்னாராம். ஆரஞ்சு கொண்டுபோனேன். அவளால் சாப்பிட முடியவில்லை. ஈறில் ரத்தம்.

ரசாக் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

நவம்பர் 4, திங்கள்

கஞ்சி கொண்டுபோனேன். ரத்தத்தில் தட்டணு இன்னும் இறங்கியிருக்கிறது. இரவு ஏற்றுவார்களாம். நூரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

டேவிட் போனை எடுக்கவில்லை. எடுக்கவில்லை. எடுக்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

தட்டணு ஏறத் தொடங்கிவிட்டது. பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாருக்கு என்னவென்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் என்றேன். "அக்கம்பக்கம்னா உங்களாட்ட இருக்கோணும்" என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

ரசாக் கடைக்கு வந்தார். என்னோடு பேசவில்லை, தம்பியோடு பேசினார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அவ நாளான்னைக்கு வீட்டுக்கு வர்றா. அதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. எங்க வேணா போகட்டும். எரிக்கிறவங்ககிட்டயே போகட்டும். எனக்கு என்ன?"

அவர் போனதும் தம்பி போனை எடுத்தான். எண்ணெய் ஆலைக்கு. "இனியும் உன்ற பேச்சக் கேட்டா என்னைச் செருப்பால அடிக்கோணும் அக்கா" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் போனைப் பிடுங்கினேன். அறுபத்திரண்டு வயதில் தம்பி கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"நாளை சாயந்தரம் வரைக்கும் குடு."

"என்ன செய்வே?"

"லோடுதானே வேணும்? லோடு தேத்தறேன்."

நவம்பர் 7, வியாழன்

எங்கள் சாலையில் வரிசையாக டயர் கடைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முற்றம், ஒவ்வொரு முற்றத்திலும் தண்ணீர் நிற்கும் ஒரு குவியல். நாங்கள் ஒருவரோடொருவர் விலை பேசுவோம், வாடிக்கையாளரைப் பிடித்து இழுப்போம், குப்பையைப் பற்றிப் பேசியதில்லை. தனித்தனியாக யாருக்கும் லோடு தேறாது. சேர்ந்தால் ஒரே நாளில் தேறும். ஒரு கிளாஸ் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்தால் எல்லோருக்கும் பொங்கல் என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தவள் நான். இது எனக்கு செப்டம்பரிலேயே தோன்றியிருக்க வேண்டும். அப்போது எங்கள் டயர், எங்கள் கடை, நான் என்றுதான் இருந்தேன்.

முதலில் எதிர்ச்சாரி டயர் கடை அர்த்தநாரி. தம்பிக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்லாமல் வருடங்களாகின்றன. படி ஏறும்போதே சிரித்தார்.

"வாங்க டீச்சர். பொட்டு கொண்டாந்தீங்களா? எங்க டயரெல்லாம் மூளி நெத்தியோட கெடக்குது."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஊர் முழுக்க இது கதையாகியிருக்கிறது. நான் ஒருத்திதான் இதை மாரப்பனின் மூட நம்பிக்கைக் கதையென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க, நான்தான் வெச்சேன்" என்றேன். "அதனால லாரி போச்சு. பின்வீட்டுப் பொண்ணு சாகப் பார்த்தா. இன்னும் சிரிக்கோணும்னா சிரிச்சிட்டுச் சொல்லுங்க, நான் நிக்கறேன். சிரிச்சு முடிச்சதும் உங்க பின்கட்டத் தொறந்து காட்டுங்க. உங்க செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு குடியிருக்கறாங்க?"

சிரிப்பு நின்றது. அவர் எழுந்து வாசலுக்குப் போனார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "பால்வாடிங்க" என்றார்.

அப்புறம் அவரே என்னோடு மற்றக் கடைகளுக்கு வந்தார். ஓரிடத்தில், "எரிக்கறவன் காசு குடுக்கறான், இவன் என்ன குடுப்பான்?" என்று கேட்டார்கள். "உன்ற புள்ளைக்கு மூக்கு இருக்குதுல்ல?" என்றார் அர்த்தநாரி. எனக்குக்கூட இவ்வளவு சுருக்கமான உதாரணம் வந்ததில்லை. எல்லோரும் சம்மதிக்கவில்லை. இரண்டு கடைக்காரர்கள் கதவைப் பாதி இழுத்துவிட்டார்கள். இருந்தாலும் தேறியது.

டேவிட்டுக்கு அர்த்தநாரி போனிலிருந்து பேசினேன். புது எண் என்பதால் எடுத்தார்.

நவம்பர் 8, வெள்ளி

வண்டி வந்தது. மாரப்பனும் மற்றக் கடைப் பையன்களும் தண்ணீரைக் கவிழ்த்துக் கவிழ்த்து ஏற்றினார்கள். புழுக்கள் சிமெண்டில் துடித்தன. மாரப்பன் ஒரு டயரைத் தூக்கியபோது அதன் பக்கத்தில் குங்குமக் கறை இன்னும் இருந்தது. என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி அடுக்கினான். இவனோடுதான் நான் பேசாமல் இருந்தேன். சாயங்காலம் டீயை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "சக்கரை கம்மியாட்ட இருக்குதுங்க டீச்சர்" என்றான்.

நவம்பர் 9, சனி

நேற்று ராத்திரியே நூருவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். ரசாக் முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 

நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 13, புதன்

நாளைக்குப் போக வேண்டும்.

நவம்பர் 16, சனி

போனேன். நூரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முடி கொட்டியிருந்தது. கிரைண்டரை மூடிவைத்திருந்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பேச்சு தீர்ந்தது. 

"நூரு, அந்தப் பொட்டாலதான் அன்னைக்கு லாரி..."

"தெரியும் டீச்சர்."

"நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு கொண்டாந்தீங்க. கஞ்சி கொண்டாந்தீங்க. கையப் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க. இத மட்டும் கொண்டாரல. இன்னைக்குச் சொல்வாங்க, நாளைக்குச் சொல்வாங்கன்னு பார்த்தேன்."

"தப்புதாம்மா."

"பொட்டு வெச்சது தப்பில்ல. அதனால லாரி திரும்பிரும்னு யாருக்குத் தெரியும்? பொறுப்புன்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தான் கேக்குறேன். சொல்லிட்டா ஆயிருமா டீச்சர்?"

ரசாக் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பா, போகச் சொல்கிறாளா, தெரியவில்லை. எழுந்துகொண்டேன்.

கடைக்கு வந்தால், காலையில் ஒரு லாரிக்கு மாற்றிய பழைய டயர்கள் முற்றத்தில், அதே சுவரை ஒட்டிக் கிடந்தன. வானம் மூடிக்கொண்டு வந்தது. எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று பிரிக்கத் தெரியவில்லை. மாரப்பனைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக அவற்றை ஒவ்வொன்றாக உருட்டிக் கடைக்குள்ளே கொண்டுவந்தோம். குஷன் நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில், ஃபேனுக்குக் கீழே அடுக்கினோம். டயரிலிருந்து வடிந்த சேற்றுத் தண்ணீர் டைல்ஸ் முழுக்க ஓடியது.

தம்பி கல்லாவிலிருந்து எழுந்துவிட்டான்.

"இங்க கொண்டாந்து வெச்சா கஸ்டமரு எங்கக்கா உக்காருவாங்க?"

"நிக்கட்டும்" என்றேன்.